தரங்கம்பாடிக் கோட்டைக்குப் போனோம்!

"அப்பா, கோட்டையிலே ராஜா இருப்பாரா?"

ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் என் ஐந்து வயது மகன் கேட்ட முதல் கேள்வி இது.

"இருக்க மாட்டார். அந்தக் கோட்டைக்குச் சொந்தக்கார ராஜா, கோட்டையைப் பார்க்க ஒரு நாள்கூட வந்தது இல்லை" என்றேன்.

அவனுக்கு ஏமாற்றம். கோட்டை கட்டிவிட்டுப் பார்க்க வராத ராஜாவும் ஒரு ராஜாவா?

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தரங்கம்பாடிக் கோட்டையின் கதை அப்படிப்பட்டதுதான். கோட்டை இருப்பது நம் சோழநாட்டுக் கடற்கரையில். அதற்குச் சொந்தக்காரராக இருந்த ராஜா, ஐரோப்பாவின் வட கோடியில், டென்மார்க் நாட்டில் இருந்தார். நடுவே எத்தனையோ கடல்கள்! கப்பல் வந்து சேர ஒன்றரை ஆண்டுகூட ஆகும்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, குடும்பத்தோடு அந்தக் கோட்டையைப் பார்க்கப் புறப்பட்டோம். நான், என் மனைவி, நான்காம் வகுப்புப் படிக்கும் மகள், மகன், என் தாயார் ஆகிய ஐந்து பேர். திருச்சியில் விடியற்காலை ரயில் ஏறினோம். மயிலாடுதுறையில் இறங்கி, அங்கிருந்து பஸ். சுமார் 30 கிலோமீட்டர்.

ஒரு காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கே ரயில் போயிற்று. 1926-ல் விட்ட ரயிலை 1986-ல் நிறுத்திவிட்டார்கள். அந்த ரயில் இருந்தால் பிள்ளைகளுக்கு இன்னும் கொண்டாட்டமாக இருந்திருக்கும்!

அம்மாவின் எழுத்து

கோட்டைக்குள் போகும் முன்பு, என் தாயாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

அம்மா புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரர். சிறு வயதில் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆடு மேய்க்கப் போனார். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. இரவில் லாந்தர் வெளிச்சத்தில் வகுப்பு. கைக்குழந்தையான என்னை மடியில் போட்டுக்கொண்டு, அம்மா சிலேட்டில் எழுதிப் பழகினார். கைநாட்டு வைத்த விரல் கையெழுத்துப் போட்டது!

பிறகு என்ன ஆயிற்று? வகுப்பு முடிந்தது. வயல் வேலை, வீட்டு வேலை, பிள்ளைகள். புத்தகத்தை எடுக்க நேரம் ஏது? சில ஆண்டுகளாகக் கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. போன ஆண்டுதான் அறுவை செய்து கண்ணாடி வாங்கினோம்.

"அம்மா, இப்போது நன்றாகத் தெரிகிறதே, பத்திரிகை படிக்கலாமே" என்று சொல்லிப் பார்த்தேன்.

"எழுத்தெல்லாம் மறந்து போச்சு தம்பி. இனிமே எதுக்கு?" என்று சொல்லிவிட்டார். நான் எழுதுவது வெளிவந்தாலும், என் மகள்தான் அவருக்குப் படித்துக் காட்டுவாள்.

இது எனக்கு மனக்குறைதான். ஆனாலும் வற்புறுத்தவில்லை. பெற்ற தாய்க்கு வாத்தியாராக முடியுமா?

1792-ல் கட்டிய வாசல்

தரங்கம்பாடியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், முதலில் எதிர்ப்படுவது ஒரு பெரிய வெள்ளை வாசல். நடுவே வண்டி போகும் அளவுக்கு வளைவு. மேலே டென்மார்க் அரசரின் முத்திரை. அதன் கீழே 1792 என்று ஆண்டு.

முன்பு ஊரைச் சுற்றி மதில் இருந்தது. மதிலுக்கு இதுதான் நிலவாசல். இப்போது ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் அதே வளைவுக்குள் நுழைந்து போகின்றன. காவல்காரர் யாரும் இல்லை. ஓர் ஆடு மட்டும் நிழலில் படுத்திருந்தது.

வாசலைத் தாண்டினால் ராஜா வீதி. நேராகக் கடலுக்குப் போகிறது. நடந்தே போய்விடலாம். இரண்டு பக்கமும் பழைய வீடுகள், பெரிய தூண்கள், மாதா கோவில்கள். 1701-ல் கட்டிய சீயோன் கோவில் ஒன்று. 1718-ல் கட்டிய புதிய எருசலேம் கோவில் ஒன்று. தெருவில் சத்தமே இல்லை. நம் ஊர்களில் இப்படி அமைதியான தெருவைப் பார்ப்பது அபூர்வம்.

தெரு முடிகிற இடத்தில் திடீரென்று கடல்! வலது பக்கம் திரும்பினால் கோட்டை!

படிக்கத் தடுமாறிய பலகை

பிள்ளைகள் ஓட ஆரம்பித்தார்கள். வாசலில் அறிவிப்புப் பலகை ஒன்று. மகள் அதற்கு எதிரே நின்றுவிட்டாள்.

"அப்பத்தா, இதைப் படி பார்க்கலாம்!"

"எனக்குத் தெரியாது ஆத்தா. நீயே படி."

"நான் படிக்க மாட்டேன். நீதான் படிக்கணும்."

பேத்தி சொன்னால் மறுப்பு உண்டா? அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பலகைக்குப் பக்கத்தில் போனார். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக, "தொ... ல்... லி..." என்று கூட்டினார். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அம்மாவுக்கு வெட்கம். ஆனால் விரலை எடுக்கவில்லை.

"தொல்லியல் துறை!" என்று முடித்தார்.

"தொல்லியல்னா என்னப்பா? தொல்லை குடுக்கிற துறையா?" என்று என்னைக் கேட்டார்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். தொல் என்றால் பழமை. பழைய கட்டடங்களையும் கல்வெட்டுகளையும் காப்பாற்றும் இலாகா அது. இந்தக் கோட்டை அந்தத் துறையின் பொறுப்பில்தான் இருக்கிறது. உள்ளே ஒரு காட்சிச்சாலையும் வைத்திருக்கிறார்கள்.

மூழ்கிய கப்பலும் தங்க ஓலையும்

இந்தக் கோட்டைக்கு டேன்ஸ்போர்க் என்று பெயர். டேனியரின் கோட்டை என்று அர்த்தம். டென்மார்க் நாட்டவரைத்தான் டேனியர் என்கிறோம்.

அவர்கள் ஏன் இங்கே வந்தார்கள்? எல்லாம் மிளகுக்காக! இங்கிலாந்தும் ஹாலந்தும் கிழக்கே கப்பல் விட்டுப் பணம் குவிப்பதை டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் பார்த்தார். 1616-ல் அவரும் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினார். 1618-ல் கப்பல்கள் புறப்பட்டன. தலைவர் ஓவே கெடே. அப்போது அவருக்கு வயது 23தான்!

உண்மையில் அவர்கள் போக நினைத்தது இலங்கைக்கு. கண்டி அரசரோடு ஒப்பந்தம் செய்யலாம் என்று போனார்கள். அது பலிக்கவில்லை.

இதற்கிடையே, முன்னால் வந்த கப்பல் ஒன்றைப் போர்ச்சுக்கீசியர் காரைக்கால் பக்கத்துக் கடலில் தாக்கி அழித்துவிட்டார்கள். அந்தக் கப்பலில் இருந்தவர் ரோலண்ட் கிராப்பே. அவரும் சிலரும் உயிர் தப்பிக் கரையேறினார்கள். தஞ்சாவூரில் ரகுநாத நாயக்கர் முன்னால் போய் நின்றார்கள்.

ரகுநாத நாயக்கர் சங்கீதம் தெரிந்தவர். நூல்கள் எழுதியவர். வியாபாரக் கணக்கும் தெரிந்தவர். போர்ச்சுக்கீசியர் மட்டும் கடையை வைத்திருந்தால் அவர்கள் சொன்னதுதானே விலை? இன்னொரு கடைக்காரர் வந்தால் நல்லதுதான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ள டேனியருக்கு அனுமதி கிடைத்தது.

டென்மார்க் அரசருக்கு ரகுநாத நாயக்கர் ஒரு கடிதம் அனுப்பினார். சாதாரண ஓலையில் அல்ல. தங்கத்தில் தகடு செய்து, அதில் தமிழில் எழுதி அனுப்பினார்! அந்தத் தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகன் நகரத்தில் பத்திரமாக இருக்கிறது.

"தமிழ்லயா எழுதினாங்க? அந்த ஊர் ராஜா எப்படிப் படிச்சாரு?" என்று அம்மா கேட்டார்.

நல்ல கேள்வி! இந்தக் கேள்விக்குப் பிறகுதான் அம்மாவுக்குக் கோட்டையின் மேல் உண்மையான பிடிப்பு வந்தது.

பதினான்கு ஆண்டு ஒற்றை ஆள்

கோட்டைக்குள் நுழைந்தால் பெரிய முற்றம். சுற்றிலும் கனமான சுவர். எதிரே இரண்டு அடுக்குக் கட்டடம். கீழ்த்தளத்தில் வளைவுக் கூரை போட்ட அறைகள். வெளியே வெயில் கொளுத்துகிறது. அறைக்குள் காலை வைத்தால் குளுகுளு என்று இருக்கிறது. சமையல், சாமான், சாராயம், குதிரை, கைதி எல்லாவற்றுக்கும் கீழ்த்தளம். மேல்தளத்தில் கவர்னரும் பாதிரியாரும் குடியிருந்தார்கள்.

மேல்தளத்துக்குப் போய்க் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். காற்று அப்படி வீசிற்று! அங்கே பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

கோட்டை கட்டிய சில ஆண்டுகளிலேயே டேனியருக்குக் கஷ்ட காலம் வந்துவிட்டது. ஐரோப்பாவில் சண்டை. கம்பெனி நஷ்டம். 1650-ல் கம்பெனியைக் கலைத்தே விட்டார்கள். தரங்கம்பாடிக்குக் கப்பல் வருவது நின்று போயிற்று. பணம் வரவில்லை. கடிதம் வரவில்லை. இங்கே இருந்த டேனியர் ஒவ்வொருவராக இறந்தார்கள்.

1655-ல் மிஞ்சியது ஒரே ஒருவர்! அவர் பெயர் எஸ்கில் கோங்ஸ்பாக்கே. பெரிய பதவிக்காரர் அல்ல. சாதாரண ஆள்.

அவர் என்ன செய்தார்? கோட்டையை விற்றுவிட்டு ஓடியிருக்கலாம். டச்சுக்காரரிடம் போய்ச் சேர்ந்திருக்கலாம். அவர் இரண்டும் செய்யவில்லை. கொடியை ஏற்றிக்கொண்டு இங்கேயே இருந்தார். உள்ளூர் ஆட்களைப் படையாக வைத்துக்கொண்டார். கப்பம் வரவில்லை என்று தஞ்சை நாயக்கரின் படை வந்தபோது எதிர்த்து நின்றார். ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். எங்களை மறந்துவிட்டீர்களா என்று டென்மார்க்குக்குக் கடிதம் அனுப்பிக்கொண்டே இருந்தார்.

1669-ல் ஒரு கப்பல் வந்தது. அதில் இருந்தவர்கள் கோட்டையில் டென்மார்க் கொடி பறப்பதைப் பார்த்தார்கள். கோட்டை இன்னும் தங்களிடம்தான் இருக்கிறது என்று அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது!

"1655-லேருந்து 1669. பதினாலு வருஷம்!" என்று மகள் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்.

"அடியாத்தீ! ராமர் வனவாசம் போன கணக்கு!" என்றார் அம்மா.

கணக்கு சரிதான். ஆனால் ராமர் கப்பல் கொள்ளை அடிக்கவில்லை. கோங்ஸ்பாக்கேக்குப் பணம் எங்கிருந்து வந்தது? வங்கக் கடலில் போன பிறருடைய கப்பல்களைப் பிடித்து, அந்தச் சரக்கை விற்றுத்தான் மதில் கட்டினார். இதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். மகன் முகம் மலர்ந்துவிட்டது. ராஜா இல்லாத குறை, கொள்ளைக்காரர் கிடைத்ததில் தீர்ந்து போயிற்று!

இன்னொன்றை அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் டேனியர் இங்கே மிளகும் துணியும் மட்டும் வாங்கி விற்கவில்லை. மனிதர்களையும் வாங்கி விற்றார்கள். ஏழைகளை அடிமைகளாக்கிக் கப்பலில் ஏற்றிக் கீழ்த்திசை நாடுகளுக்கு அனுப்பினார்கள். கீழ்த்தளத்து அறைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த நினைவு வந்தது. குளுகுளு அறை என்று சொன்னேன் அல்லவா? எல்லோருக்கும் அது அப்படி இருந்திருக்காது.

காட்சிச்சாலையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வாள், ஈட்டி, பீரங்கிக் குண்டு, சீனத்து ஜாடி, டேனியர் காலத்துப் பத்திரங்கள், சுதைப் பொம்மைகள். இடம் சிறியது. விளக்கம் இன்னும் விரிவாக எழுதி வைத்திருக்கலாம். என் மகனுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. அங்கே ஒரு திமிங்கில எலும்பு இருக்கிறது. அதை விட்டு நகர மாட்டேன் என்று அடம் பிடித்தான். தூக்கிக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

மணலில் எழுதிய வெள்ளைக்காரர்

கோட்டைக்கு வெளியே நிழல் பார்த்து உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளியோதரையையும் தயிர்ச் சோற்றையும் சாப்பிட்டோம். கடற்காற்றில் இரண்டு பங்கு பசி!

சாப்பிடும்போது சீகன்பால்கு கதையைச் சொன்னேன்.

1706 ஜூலை 9-ஆம் தேதி இந்தக் கரையில் இரண்டு ஜெர்மன் பாதிரியார்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் சீகன்பால்கு. மற்றவர் புளூட்சோ. டென்மார்க் அரசர் அனுப்பி வந்தவர்கள்.

சீகன்பால்குக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைத் தன் வீட்டுக்கு அழைத்தார். பள்ளிக்கூடத்தை இங்கேயே நடத்துங்கள் என்றார். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார்கள். அந்த வெள்ளைக்காரரும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் அ, ஆ எழுதினார்! வயது இருபத்து நான்கு.

தமிழ் படித்தார். பேசினார். ஓலைச்சுவடிகளைத் தேடித்தேடிச் சேர்த்தார்.

கோட்டைக் கவர்னருக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஓர் ஏழை விதவையின் வழக்கில் சீகன்பால்கு தலையிட்டார். தகராறு முற்றியது. 1708-ல் அவரைப் பிடித்து இந்தக் கோட்டையிலேயே அடைத்துவிட்டார்கள். நான்கு மாதம் சிறை.

விடுதலையான பிறகு அவர் செய்த வேலைதான் பெரிது. இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வரவழைத்தார். அதோடு வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துவிட்டார். தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் செதுக்கி, வார்த்து அனுப்பினார்கள். 1713-ல் இங்கே தமிழ் அச்சாயிற்று.

ஆனால் ஒரு சங்கடம். ஜெர்மனியில் செய்த எழுத்து பெரிது பெரிதாக இருந்தது. காகிதம் ஏராளமாகப் பிடித்தது. காகிதமோ கிடைக்காத பொருள். சிறிய எழுத்து வார்க்கலாம் என்றால் ஈயம் இல்லை. அப்போது இங்கிலாந்திலிருந்து பாற்கட்டி வந்திருந்தது. ஆமாம், தின்கிற பாற்கட்டிதான்! கெடாமல் இருக்க அதை ஈய உறையில் வைத்து அனுப்பியிருந்தார்கள். அந்த ஈயத்தை உருக்கித் தமிழ் எழுத்து வார்த்தார்கள்! பக்கத்திலே பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது.

தமிழில் அச்சான முதல் புத்தகம் இதுதான் என்று சிலர் சொல்வது உண்டு. அது சரியல்ல. 1578-லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. ஆனால் தமிழ் அச்சு ஓர் ஊரில் நிலையாகக் கால் ஊன்றி, வேலை தொடர்ந்து நடந்தது என்றால் அது தரங்கம்பாடியில்தான்.

சீகன்பால்கு 1719-ல் இறந்தார். வயது முப்பத்தாறு. புதிய எருசலேம் கோவிலில் அவருடைய கல்லறை இருக்கிறது.

அம்மா சோற்றுக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கை கழுவிக்கொண்டு, பேசாமல் ஈர மணல் பக்கம் நடந்தார். பேரன் பின்னாலேயே ஓடினான்.

நான் எட்டிப் பார்த்தேன். அம்மா குந்தி உட்கார்ந்து, மணலில் விரலால் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். நான்கு எழுத்து. அடுத்து பேரனுக்காகப் பெரிதாக ஓர் 'அ'. சுழியைக் கவனமாகச் சுழித்தார். ஓர் அலை வந்து அழித்துவிட்டுப் போயிற்று.

"இன்னொண்ணு எழுது அப்பத்தா!" என்றான் பேரன்.

எழுதினார். அதையும் அலை அழித்தது. இப்படி எத்தனை தடவை எழுதினாரோ! கால் வலி என்று படி ஏறவே யோசித்தவர் அவர்.

கடல் கொண்டு போனது

கோட்டைக்கு வடக்கே கரையோரத்தில் மாசிலாமணிநாதர் கோவில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோவில். 1305-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அதில் இந்த ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர். குலசேகரன்பட்டினம் என்றும் ஒரு பெயர். தரங்கம் என்றால் அலை. அதனால் 'அலை பாடும் ஊர்' என்று அழகாக அர்த்தம் சொல்கிறார்கள். கேட்க இனிமைதான். ஆனால் பாடி என்றால் ஊர் என்றுதான் அர்த்தம். பாட்டு அதில் இல்லை.

கோவிலின் முன்பகுதியைக் கடல் கொண்டு போய்விட்டது. எஞ்சியதைப் புதுப்பித்திருக்கிறார்கள். அலையைத் தடுக்கப் பெரிய பெரிய பாறைகளைப் போட்டிருக்கிறார்கள். பாறையில் அலை மோதும் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை.

இந்த ஊர்க் காற்றில் ஓசோன் அதிகம், உடம்புக்கு நல்லது என்று சொல்வார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். நம்ப வேண்டாம்! ஓசோன் வானத்தில் உயரே இருந்தால்தான் நமக்கு நல்லது. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்குக் கெடுதல். தரங்கம்பாடியில் வீசுவது நல்ல கடற்காற்று. அது போதாதா?

கோவில் பக்கத்தில் ஓர் அம்மாள் கருவாடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் தாயாரின் வயது இருக்கும். என் தாயார் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நெத்திலியை எடுத்து முகர்ந்தார். விலை கேட்டார். ஊர்ப்பேச்சு தொடங்கிற்று.

"அலை வந்தப்போ நீங்க இங்கதான் இருந்தீங்களா?" என்று அம்மா கேட்டார்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி. ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்த நாள். தரங்கம்பாடி மீனவர் குடியிருப்பில் நிறையப் பேர் இறந்துபோனார்கள்.

அந்த அம்மாள் கருவாட்டின் மேலிருந்த ஈயை ஓட்டிக்கொண்டே சொன்னார்:

"காலையிலே மீனு வாங்கப் போனேன். என் சின்ன மவளும் கூட வந்துச்சு. கையைப் புடிச்சிட்டுத்தான் இருந்தேன். தண்ணி புடுங்கிட்டுப் போயிடுச்சு. அந்தக் கோட்டை மட்டும் அப்படியே நின்னுச்சு."

வேறு எதுவும் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. இரண்டு பேரும் சிறிது நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மகன் தூரத்தில் அலையோரம் ஓடிக்கொண்டிருந்தான். "அவனைக் கூப்பிடுங்க" என்று என் மனைவி என் தோளைத் தொட்டாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

அம்மா அரைக்கிலோ நெத்திலி வாங்கினார். பேரம் பேசவில்லை. கீரைக்கட்டுக்கே கால் மணி நேரம் பேரம் பேசுகிறவர், கேட்ட பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

பன்னிரண்டரை லட்சம் ரூபாய்

கோட்டை எப்படிக் கைமாறிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். சண்டை இல்லை, முற்றுகை இல்லை. விற்றுவிட்டார்கள்! இடையில் 1808 முதல் 1815 வரை ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்தார்கள். திரும்பக் கொடுத்த பிறகு டேனியருக்கு வியாபாரம் சூடு பிடிக்கவில்லை. வரவைவிடச் செலவு அதிகம். 1845-ல் தரங்கம்பாடியையும் கல்கத்தா பக்கத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கொடி பறந்தது 225 ஆண்டுகள்.

ஆங்கிலேயர் நாகப்பட்டினத்துக்கு ரயில் போட்டார்கள். கப்பலும் சரக்கும் அந்தப் பக்கம் போய்விட்டன. தரங்கம்பாடி தூங்கிவிட்டது. ஒரு வகையில் அதுவும் நல்லதாயிற்று. பெரிய துறைமுகமாக வளர்ந்திருந்தால் இந்தப் பழைய தெருக்களை இடித்துத் தள்ளியிருப்பார்கள். கோட்டையைப் பழுது பார்க்க டென்மார்க் நாட்டவர்களே பிற்காலத்தில் உதவிக்கு வந்தார்கள்.

நீங்கள் போவதாக இருந்தால் ஓரிரண்டு விஷயம். காட்சிச்சாலை திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் கொண்டு போங்கள். நிழல் குறைவு. தை, மாசி மாதங்கள் சுகமானவை. பிள்ளைகளைக் கடலில் இறங்க விடாதீர்கள். வழியில் திருக்கடையூரில் இறங்கி அபிராமி அம்மனையும் தரிசித்துவிட்டு வரலாம். எங்களுக்கு நேரம் போதவில்லை.

மாலை ஐந்து மணிக்குப் பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். மகன் என் தோளில் தூங்கிவிட்டான். மனைவி கையில் சாப்பாட்டுக் கூடை, மகள் கையில் சிப்பிகள், அம்மா கையில் கருவாட்டுப் பொட்டலம். ரயிலைப் பிடிக்க வேண்டுமே என்று எனக்கு ஒரே பதற்றம். ஒரு பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்தது. நானும் ஓடிப்போய்ப் படியில் ஒரு காலை வைத்துவிட்டேன்.

பின்னால் என் சட்டையை யாரோ பிடித்து இழுத்தார்கள். அம்மா!

"எங்க தம்பி ஏறுற? பலகையைப் பாரு. மயிலாடுதுறை இல்ல. கா... ரை... க்கா... ல். காரைக்கால்னு போட்டிருக்கு!"